அறுபத்திரண்டு கிலோ

அப்பாவின் நோய் முதலில் தெரிந்தது ஒரு பழைய இரும்புக் கடையின் தராசில். அதனால்தான் எங்களுக்குப் புரிய ஏழு மாதம் ஆயிற்று. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டிருக்கலாம். யார்மேல் பழி போடலாம் என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்கலாம். அப்படி இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவதுக்கு மேல் படித்தவனில்லை. டாக்டர்கள் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன்.

அப்பா ஆறுமுகம் தராசு மெக்கானிக். பதினாறு வயதில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மஸ்ஜித் பந்தரில் ஒரு தராசுப் பட்டறையில் சேர்ந்தார். பிறகு தாராவியில் எங்கள் வீட்டின் கீழறையிலேயே சொந்தமாக ஒரு மேசை போட்டுக்கொண்டார். நகைக் கடையின் சின்னத் தட்டுத் தராசு முதல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு வரை எல்லாம் அவர் கைக்கு வரும். இங்கே தராசுக்குக் காண்டா என்று பெயர். அவருக்குக் காண்டா அண்ணாச்சி என்று பெயர்.

அவருடைய தொழிலே சந்தேகப்படுவதுதான். எந்தக் கடையில் நின்றாலும் கண் முதலில் தராசின் அடிப்பக்கம் போகும். மீன்காரியிடம் மட்டும் எடை சரிபார்க்கக் கூடாது என்று அம்மா உயிரோடிருந்தவரை உத்தரவு போட்டிருந்தார். இல்லாவிட்டால் எங்களுக்கு மீனே கிடைக்காது.

வீட்டில் அவர் வேறு ஆள். எங்கள் சந்தில் பிறந்த பிள்ளைகளை எல்லாம் துணித் தூளி கட்டிய சுருள்வில் தராசில் நிறுத்து, காதில் எடையைச் சொல்லிவிட்டுத்தான் தாயிடம் கொடுப்பார். பொங்கலன்று குடும்பம் முழுவதும் அவருடைய மேடைத் தராசில் ஏற வேண்டும். எடைகளைக் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் எழுதுவார். நான் ஓடிப்போன வருடங்களில் என் இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார். அவருடைய வரிசையில் முப்பது வருடமாக ஒரே எண்: அறுபத்திரண்டு.

அந்த எண்ணில் அவருக்குப் பெருமை. மேடைத் தராசைச் சரிபார்க்க இருபது கிலோ இரும்புக் கற்கள் வேண்டும். கைவண்டியில் மூன்றைக் கொண்டுபோவார். கல் போதாத இடத்தில் தானே மேடையில் ஏறி நிற்பார். முள் அறுபத்திரண்டில் நிற்கும்வரை திருகுவார். "இதுவும் முத்திரை போட்ட கல்லுதான்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார். வயது ஏற ஏறக் கற்களைத் தூக்குவது குறைந்தது. எழுபத்திநாலு வயதில் வெறும் கையோடு போய், தன்னையே ஏற்றி நிறுத்தித் தராசு சரிசெய்துவிட்டு வருவார். கல்லைத் தூக்கப் பலமில்லாமல் போனதும் நோய்தான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

நான் அப்போது ஊரில் இல்லை. லாரியில் கிளீனர், சூரத்தில் துணி மடிப்பு, உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் பட்டறை, கடைசியாகக் கோவாவில் படகு. ஒரு ஜூலை மாத மழையில் வீட்டுக்கு வந்தேன். அந்தச் சமயம் எங்கள் பகுதியை இடித்துப் புது வீடு கட்டித் தருவதற்காக வீடுகளை அளந்து எண் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன வாரம் சர்வேக்காரன் வந்தான். இந்த வாரம் நீ வார. ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டு வந்தீயளா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய பெல்ட்டைப் பார்த்தேன். நான்கு புதிய துளைகள். ஆணி வைத்துத் தட்டிய துளைகள், சமமான இடைவெளியில். கேட்டதற்கு, "தோலு இழுத்துக்கிச்சு" என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் தட்டில் இரண்டு சப்பாத்தியும் கொஞ்சம் சுரைக்காய்க் கூட்டும் விழுந்தன. ஒன்றைத்தான் தின்றார். என் மனதில் உடனே கணக்கு முடிந்துவிட்டது. அண்ணன் முருகேசன் தேவ்நாரில் லேத் வேலைக்குப் போகிறவன். காலையில் போனால் இரவுதான் வருவான். வீட்டில் இருப்பது மதினி. கிழவரைப் பட்டினி போடுகிறார்கள், வீட்டுக்கு எண் வந்ததும் தங்கள் பேருக்கு மாற்றிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்று முடிவுகட்டினேன். மறுநாள் அடுப்படியில் நின்று கேட்டேன்.

"அப்பாவுக்கு வயிறாரச் சோறு போடுறதில்லையா மதினி?"

மதினி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"போட்டாத் திங்கணும்லா தம்பி. நாலு வாயி, எந்திரிச்சிருதாவ. கேட்டா வயிறு நெறஞ்சிட்டுங்காவ. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, நான் அறுபத்திரண்டு இருக்கேன், எனக்கென்ன கேடுங்காவ."

"அப்ப ஏன் ராத்திரிச் சோறு இல்ல?"

"அதுவா? பொங்கலுக்குக் காண்டாவுல ஏறுனேன். அஞ்சு கிலோ கூடியிருந்துச்சு. உங்க அண்ணனுக்கு ஆறு. மாமா சுவத்துல எழுதிட்டாவ. அன்னையிலேர்ந்து ராத்திரிச் சோத்தை நிறுத்திட்டேன். சேலை மட்டும் பழையபடியே கட்டுது, காண்டா ஏன் இப்பிடிச் சொல்லுதுன்னு யோசிச்சேன். காண்டா அண்ணாச்சி வீட்டுலயே காண்டா தப்புன்னு சொல்ல முடியுமா?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வருசத்துக்கு ஒரு தடவ வந்து ஒத்தத் தட்டைப் பாத்துட்டுப் பேசுதிய. மத்தத் தட்டுல என்ன கெடக்குன்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

நான் நம்பவில்லை. வெளியிலிருந்து முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் வாங்கி வந்து அப்பாவுக்கு ரகசியமாகக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார். வலப்பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மோரியில், அதாவது வீட்டு மூலையில் குளிக்கவும் கழுவவும் இருக்கும் சின்னத் தொட்டியடியில், எல்லாவற்றையும் வாந்தி எடுத்தார். அதைப் பார்த்தும் நான், மதினி முன்பே எதையாவது கொடுத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் வீட்டுத் தராசில் ஏறினேன். எழுபத்தெட்டு காட்டியது. கோவாவில் படகு வேலைக்குச் சோதித்தபோது அறுபத்தெட்டு. "ஊரு ஊராத் தின்னு கொழுத்திருக்க" என்றார் அப்பா. அதை மட்டும் நம்பினேன்.

ஆகஸ்டில் காதர் பாய் வந்தார். கடையநல்லூர்க்காரர். தாராவியில் பங்கார் கடை, அதாவது பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்கி விற்கும் கடை வைத்திருப்பவர். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணாச்சி, நாப்பது வருசப் பழக்கத்துல கேக்கேன். யாரு சொல்லி எங் காண்டாவுல கை வச்சீய?"

"என்னவே சொல்லுதீரு?"

"நான் அம்பதுன்னு வாங்குத மூட்டையக் கம்பெனிக்காரன் நாப்பத்தி மூணுங்கான். ரெண்டு வாரத்துக்கு முன்ன நீங்க வந்து சரிபண்ணிட்டுப் போனதுலேர்ந்துதான் இப்பிடி. பங்கார் பொறுக்குதவன்லாம் இப்ப மத்த கடைய விட்டுட்டு எங் கடை வாசல்லதான் வரிசை கட்டி நிக்கான். நான் நல்லவன்னு வாரானோன்னு நெனச்சேன். இப்பல்லா வெளங்குது."

அப்பாவின் முகம் கல்லாகிவிட்டது. அவர் வாழ்நாளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டார். "வாரும். பாப்பம். சேகரு, கல்லைத் தூக்கு."

இரண்டு நடை நடந்து இரண்டு இரும்புக் கற்களைக் காதர் பாய் கடைக்குச் சுமந்தேன். நாற்பது கிலோ. மேடையில் வைத்தோம். நாற்பத்தாறு காட்டியது.

அப்பா குனிந்து கற்களின் முத்திரையைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு கற்களை இறக்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறினார். முள் ஆடி நின்றது. அறுபத்திரண்டு.

"பாத்தீரா? காண்டா சரி. கல்லுலதான் பொய் இருக்கு."

நானும் காதர் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காதர் பாய் போய், பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து ஒரு சிமெண்ட் மூட்டையை வாங்கி வந்தார். பிரிக்காத மூட்டை, ஐம்பது கிலோ. ஐம்பத்தேழு காட்டியது.

அப்பா வெகுநேரம் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருப்புளியை எடுத்தார். கற்களை மறுபடி ஏற்றி, சரியாக நாற்பதுக்குக் கொண்டுவந்தார். வேலை சுத்தமாக இருந்தது.

"ஏறுங்கப்பா" என்றேன்.

ஏறினார். ஐம்பத்திநான்கு. இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார். முள் கொஞ்சம் அசைந்து அதற்குப் பக்கத்திலேயே நின்றது.

"காண்டா கெடக்கட்டும் அண்ணாச்சி" என்று காதர் பாய் அவர் தோளைப் பிடித்து இறக்கினார். "நான் பேசுனதை மனசுல வைக்காதீய. முதல்ல டாக்டர்ட்டப் போங்க."

திரும்பும் வழியில்தான் எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. எங்கள் வீட்டுத் தராசு, மதினியின் ஐந்து கிலோ, என் பத்து கிலோ. அப்பா மெலிய மெலிய, தராசு தளர்ந்துவிட்டதென்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் அதைத் தன் பழைய எடைக்குத் திருகி வைத்திருக்கிறார். எல்லாத் தராசையும் சந்தேகப்பட்ட மனிதர், ஒரே ஒரு கல்லைச் சோதிக்காமல் விட்டுவிட்டார். நானும் மதினியைச் சந்தேகப்பட்ட நேரத்தில் அப்பாவுக்கு மலம் எப்படிப் போகிறது, மாலையில் காய்ச்சல் அடிக்கிறதா என்று கேட்டிருக்கலாம். மதினியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியின் வராந்தாக்களில் மூன்று வாரம் போயிற்று. ஸ்கேனில் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் தடிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். கொலனோஸ்கோப்பி (பின்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்தார்கள். பயாப்ஸி (சதையில் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுத்தார்கள். டாக்டர் இரண்டு பெயர்களைச் சொன்னார். ஒன்று புற்றுநோய். மற்றது காசநோய். துணுக்கின் முடிவு வரும்வரை எதுவென்று தெரியாது.

அண்ணன் அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றான். நாங்கள் இருவரும் வராந்தாவில் நின்று பேசிவிட்டு உள்ளே போகும்போது முகத்தைச் சரிசெய்துகொண்டு போவோம். மூன்றாவது நாள் அப்பா கட்டிலிலிருந்து கேட்டார்: "வெளிய நின்னு ரெண்டு பேரும் எதை நிறுத்துக்கிட்டு இருக்கீய? தட்டுல நாந்தானே கெடக்கேன். எனக்கும் முள்ளைக் காட்டுங்களேன்." அண்ணன் அழுதுவிட்டான். அப்புறம் சொன்னோம். சொன்ன பிறகு அவர் நன்றாகத் தூங்கினார். மறைப்பவர்களுக்கு இதை மட்டும் சொல்கிறேன்: நோயாளி எப்படியும் உங்கள் முகத்தை எடைபோட்டுக்கொண்டுதான் இருப்பார்.

குடல் காசநோய் என்று முடிவு வந்தது. நுரையீரலில் இல்லை என்பதால் மற்றவர்களுக்குத் தொற்றும் பயம் குறைவு என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை; இங்கே அதற்குக் கோலி என்று பெயர். தினமும். ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு மருந்து கேட்காது.

மாத்திரை தரும் மருந்தகத்தில் செம்பூரில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் டாக்டர் இருந்தார். தமிழ் பேசுவார், படிக்க வராது. எடையைப் பொறுத்துத்தான் மாத்திரையின் எண்ணிக்கை என்று அவர் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தக் காண்டாவுல நிறுப்பீங்க?"

"இதுல அங்கிள்."

அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுநாள் நான் ஒரு இருபது கிலோ கல்லைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்து மருந்தகத்துக்குக் கொண்டு போனேன். வாசலில் காவலாளி சாக்கை அவிழ்க்கச் சொன்னார். "யே க்யா ஹை?" இது என்ன என்று ஹிந்தியில் கேட்டார். "கல்லு." "கல்லு எதுக்கு ஆஸ்பத்திரிக்கு?" உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்து, "ஆனே தோ, ஆனே தோ" என்று உள்ளே விடச் சொன்னார்.

கல்லை வைத்தோம். இருபது காட்டியது. இடம் மாற்றி வைத்தோம். இருபது. அப்பா ஏறினார். ஐம்பத்திரண்டு. இனிக் குற்றம் சொல்ல ஒரு இயந்திரமும் மிச்சமில்லை. "இது நல்ல காண்டா" என்று மெதுவாகச் சொன்னார். "எழுதிக்கோம்மா."

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. ரத்தம் என்று பயந்தார். மருந்தின் சாயம்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் தப்பித்தோம். இரண்டு மாதத்தில், மாலைதோறும் வந்த காய்ச்சல் நின்றது. எடை ஐம்பத்தைந்துக்கு ஏறியது. சுவரில் எழுதவில்லை; பொங்கலுக்குத்தான் எழுதுவேன் என்றார்.

மூன்றாவது மாதம் நடுவில் ஒரு காலை, மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மோரி கழுவுதேன்லா. ஒரு வாரமா நெறம் இல்ல தம்பி."

"என்ன நிறம்?"

"மாமாவோட மூத்திரம். வெள்ளையாப் போவுது. கோலி முழுங்கல போலிருக்கு."

நான் தினமும் பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுப்பவன். வாயில் போடுவதைப் பார்த்திருந்தேன். முழுங்கியதைப் பார்க்கவில்லை. அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். நகைத் தராசுப் பெட்டிக்குள், சின்னப் பித்தளைக் கற்களோடு, எட்டு நாள் மாத்திரைகள் துடைத்து வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அப்பா பின்னால் வந்து நின்றார். கோபப்படவில்லை.

"பழைய கோலி ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன். புதுசோட தட்டுல போட்டுப் பாத்தேன். புதுசு கம்மி. தட்டை மாத்திப் போட்டும் கம்மி. சாமானைக் குறைச்சுட்டான்ல. நாலு போட வேண்டிய எடத்துல மூணு போட்டிருக்கான். யாருட்டயும் சொல்லாத. முதல்ல எவன்னு கண்டுபிடிப்போம்."

தராசையும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் கேட்டுவிட்டு மாத்திரைகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அங்கிள், நீங்க சொல்றது ஸஹி. முதல் ரெண்டு மாசம் ஒரு கோலில நாலு மருந்து. அப்புறம் மூணுதான். ஒண்ணை நாங்களே நிறுத்திடுவோம். அதனாலதான் வெயிட் கம்மி." பிறகு என்னைப் பார்த்தார். "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். இதை நிறுத்துப் பாப்பாங்கன்னு யார் நினைப்பா?"

அப்பாவின் முகத்தில் வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. "மூணுன்னு சொன்னேன்லா?" என்றார் என்னிடம். டாக்டர் முன்னாலேயே அன்றைய மாத்திரையைப் போட்டு, முழுங்கி, வாயைத் திறந்து காட்டினார். விட்ட நாட்களைக் கடைசியில் கூட்டிச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து மதினியிடம் சொன்னேன். அடுப்படியில், அதே இடத்தில். "நான் அன்னைக்குக் கேட்டது தப்பு மதினி." அவர் திரும்பிப் பார்க்காமல், "எந்த அன்னைக்கு? நீங்க வந்த நாள்லேர்ந்து தினமும்லா கேட்டிய" என்றார். பிறகு, "உக்காருங்க, சோறு போடுதேன்" என்றார். ராத்திரிச் சோறு திரும்பி வந்திருந்தது.

அடுத்த பொங்கலுக்கு அப்பா கற்களை வைத்துச் சோதித்துவிட்டுத் தராசில் ஏறினார். ஐம்பத்தேழு. சுவரில் தன் கையாலேயே எழுதினார். முந்தின வருடத்து அறுபத்திரண்டை அழிக்கவில்லை; பக்கத்தில் 'பொய்' என்று எழுதினார். மதினியின் எடைக்குப் பக்கத்திலும், அண்ணன் எடைக்குப் பக்கத்திலும் அதையே எழுதினார்.

மாத்திரை முடிந்த மறுவாரம் அவர் ஒரு வேலை ஆரம்பித்தார். அந்த ஒரு வருடத்தில் தன்னையே கல்லாக வைத்துச் சரிசெய்த கடைகள் பதினொன்று. ஞாபகத்திலிருந்து சொன்னார். நான் கைவண்டி தள்ள, எல்லாக் கடைக்கும் போய், "உடம்பு சரியில்லாம இருந்தப்போ தப்பாப் பண்ணிட்டேன்" என்று சொல்லிக் கற்களை வைத்துச் சரிசெய்தார். தாராவி மெயின் ரோட்டில் ஒரு வெங்காயக் கடைக்காரர் மட்டும் முகத்தைச் சுளித்தார். விற்கிறவருக்கு அந்தப் பொய் லாபம். "ரஹ்னே தோ அண்ணா, இருக்கட்டும், நல்லாத்தானே ஓடுது" என்றார். அப்பா அந்தக் கடையில்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

மாட்டுங்காவில் ஒரு சமையல்காரர் கடையில் வேலை முடிந்ததும், பழக்கத்தில் அப்பா மேடையில் கால் வைத்தார். பாதியில் நிறுத்திக் காலை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எந்தத் தராசையும் தன் உடம்பால் சரிபார்க்கவில்லை.

நான் திரும்பக் கோவாவுக்குப் போகவில்லை. போவேன் என்று அப்பா சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார். பை தைக்கக் கொடுத்தால்கூட எதற்கு என்று கேட்பார். நான்கு வருடம் இருந்தார். கடைசியில் ஐம்பத்தொன்பது வரை வந்தார். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்தவர், நகைத் தராசின் தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிட்டார். இதயம் என்றார்கள். காசநோயில்லை. காதர் பாய் வந்து கட்டிலின் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கினார். இறக்கி வைத்ததும், எடை பார்த்தவர்போலத் தன் இரு கைகளையும் பார்த்துக்கொண்டார்.

இந்தப் பொங்கலுக்கு மதினிதான் முதலில் ஏற வந்தார். நான் கற்களை வைத்துக்கொண்டிருந்தேன்.

"சந்தேகப்படுதது உங்க குடும்ப வியாதி" என்றார். "அதுக்கு மட்டும் இன்னும் கோலி கண்டுபிடிக்கல."

நாற்பதுக்கு நாற்பது காட்டியது. கற்களை இறக்கினேன். அவர் ஏறினார், அண்ணன் ஏறினான், நான் ஏறினேன். சுவரில் எழுதும்போது ஒன்றை மாற்றியிருக்கிறேன். அப்பா வருடத்தை மட்டும் எழுதுவார். நான் தேதியும் சேர்த்து எழுதுகிறேன். இப்போது அப்பாவுக்குப் பதிலாக நான் கடைகளில் தராசு சரிபார்க்கும்போது யாராவது விளையாட்டாக, நீ எத்தனை கிலோ என்று கேட்டால், "என்னைக்கு?" என்று கேட்கிறேன்.